சோத்துக்காக ஒரு அணிசேராமை

அணிசேராமை எண்டதும் எங்களுக்கு பாண்டுங் மாநாடும் நேருவும் நாசரும்தான் ஞாபகம் வரும். பாண்டுங் நடந்தது 1955 இல். அதுக்கு 2 வருடங்களுக்கும் முந்தியே இலங்கை ஒரு வேலை பார்த்திருக்கு. கொள்கைக்காக இல்லை, சோத்துக்காக.

கொரிய யுத்த காலம். சீனாவுக்கு இறப்பர் போன்ற பொருட்களை அனுப்ப வேண்டாமென 1951 இல் ஐ.நா. கேட்டது. இங்கே அரிசி தட்டுப்பாடு. இறப்பர் விலையும் விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவுடன் பேசியும் சரிவரவில்லை. 1952 டிசம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீஜிங்கில் கையெழுத்திட்டார்: 5 வருடங்களுக்கு, வருடம் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது. இறப்பருக்குச் சந்தையைவிடக் கூடின விலை வேறு.

செய்தது இடதுசாரிகள் இல்லை, கம்யூனிசத்தைக் கண்ணிலும் காட்டக்கூடாத ஐ.தே.க. அரசு! திருகோணமலையில் அப்போதும் பிரித்தானியக் கடற்படை. ஐ.நா.விலோ இலங்கை உறுப்பினரே இல்லை, சோவியத் வீட்டோ வெளியே நிறுத்தியிருந்தது. ஒரு வல்லரசு சாத்திய கதவு, மற்ற வல்லரசின் தடையிலிருந்து தப்ப உதவியது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஒப்பந்தமோ புதுப்பிக்கப்பட்டு 1982 வரை ஓடியது.

கொண்டாட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அந்த இறப்பருக்குப் பால் வெட்டியவர்களில் பலர், 1948 இல் இதே கட்சி பிரஜாவுரிமையைப் பறித்த மலையகத் தமிழர். 1952 மே தேர்தலில் அவர்களில் பெரும்பாலானோர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.