பெயர் பொருந்தினால் போதுமா? ஃபோர்ட்ரான்–சி இணைப்பின் வரலாறு

முன்னுரை

வெவ்வேறு கம்பைலர்கள் தரும் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே நிரலாகச் சேர்ப்பது லிங்கரின் வேலை. பொதுவாக அது பார்ப்பது பெயரைத்தான். ஒரு கோப்பு தேடும் பெயர் இன்னொன்றில் கிடைத்தால், முகவரியை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எத்தனை மதிப்புகள், எந்த வடிவில் கைமாறுகின்றன என்று கேட்காது. அந்த உடன்பாடு எங்கிருந்து வந்தது, எப்போது எழுத்தில் ஏறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கம்பைலர் வகுத்த வழக்கம்

ஐபிஎம் 704 கணினிக்கு 1958இல் வந்த ஃபோர்ட்ரான் 2, துணைநிரல்களைத் தனித்தனியே கம்பைல் செய்யவும், அசெம்பிளி மொழியில் எழுதியவற்றோடு சேர்க்கவும் வழிசெய்தது. கணினியும் கம்பைலரும் ஒரே நிறுவனத்தினுடையவை என்பதால் உடன்பாடு சிக்கலாகவில்லை.

யூனிக்ஸில் நிலைமை வேறு. பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனும் பீட்டர் வைன்பெர்கரும் 1978இல் விவரித்த எஃப்77 கம்பைலர், சி மொழியின் பெயர்களோடு மோதாமலிருக்க, ஒவ்வொரு துணைநிரல் பெயரின் இறுதியிலும் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்தது. மதிப்புக்குப் பதிலாக அதன் முகவரியை அனுப்பியது. எழுத்துச்சரம் ஒன்றை அனுப்பினால், அதன் நீளத்தையும் பட்டியலின் கடைசியில் தானே சேர்த்தது. ஃபோர்ட்ரான் எழுதுபவர் கண்ணில் அது படாது. பின்னாளில் வந்த ஜி77 என்னும் ஃபோர்ட்ரான் கம்பைலர், பெயருக்குள் ஏற்கெனவே அடிக்கோடு இருந்தால் இறுதியில் இரண்டாகச் சேர்த்தது. இவற்றில் எதையும் ஃபோர்ட்ரான் தரம் விதிக்கவில்லை.

எழுத்தில் ஏறிய உடன்பாடு

முதல் மாற்றம் சி++ மொழியில் வந்தது. 1989இல் வெளிவந்த அதன் 2.0 பதிப்பு, மதிப்புகளின் வகையையும் பெயருக்குள்ளேயே பொதிந்தது. வகை மாறினால் பெயரும் மாறும். லிங்கர் தன்னையறியாமல் பிழையைப் பிடித்துவிடும். ஆனால் கம்பைலருக்குக் கம்பைலர் பொதியும் முறை வேறுபட்டது. இட்டேனியம் செயலிக்கென வகுத்த பொது விதிமுறையை ஜிசிசி கம்பைலரின் 3.0 பதிப்பு 2001இல் ஏற்றபின்னரே பல கம்பைலர்களுக்குப் பொதுவழி பிறந்தது. சி மொழியோடு இணையும் முறையை ஃபோர்ட்ரான் 2003 தரமே முதலில் மொழிக்குள் கொண்டுவந்தது.

2019: பழைய வழக்கம் முறிந்த இடம்

1992இல் வெளிவந்த லாபேக் என்னும் நேரியல் இயற்கணித நூலகம், பழைய ஃபோர்ட்ரான் வழக்கத்திலேயே அழைக்கப்பட்டுவந்தது. அணியின் மேல் முக்கோணமா, கீழ் முக்கோணமா என்பதை அதற்கு ஒற்றை எழுத்தால் சொல்ல வேண்டும். நீளம் எப்போதும் ஒன்றுதானே என்று கண்ணில் படாத அந்த நீளத்தை, அதாவது மறைநீளத்தை, சி நிரலர்கள் பலர் அனுப்பாமலே விட்டனர். கால் நூற்றாண்டாகத் தொல்லையில்லை.

2019இல் ஜிசிசியின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானின் புதிய பதிப்போடு ஆர் புள்ளியியல் மென்பொருள் தடுமாறியது. ஒரு துணைநிரல் தன் கடைசி வேலையாக இன்னொன்றை அழைக்கும்போது, தனக்கு மதிப்புகள் வந்த ஸ்டாக் இடத்தையே கம்பைலர் மறுபடி பயன்படுத்தியது. மறைநீளத்துக்கான இடமும் அதில் அடங்கும் என்பது அதன் கணக்கு. சி நிரல் அப்படி இடம் ஒதுக்கவேயில்லை; அங்கிருந்த வேறு தரவு அழிந்தது. லிங்கர் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. ஜிசிசி தற்காலிக மாற்றுவழி ஒன்றைச் சேர்த்தது. ஆர் தரப்பு மறைநீளங்களை அனுப்பத் தொடங்கியது.

முடிவுரை

வழக்கப்படி நடந்தது கம்பைலர். அந்த நாற்பதாண்டு வழக்கத்தை அரைகுறையாகப் பின்பற்றியவை சி நிரல்கள். 2003இன் தரம் புதிய நிரலுக்கு வழிகாட்டியது, பழைய நூலகங்களின் அழைப்புமுறையை அது மாற்றவில்லை. ஆகவே பிழையின்றி இணைந்தது என்பதற்குப் பெயர்கள் கிடைத்தன என்பதற்கு மேல் பொருளில்லை. இரு பக்கமும் ஒரே உடன்பாட்டில் உள்ளனவா என்பதை, இணைக்குமுன் அழைப்பு வரிகளிலேயே சரிபார்க்க வேண்டியிருக்கிறது.