சல்போர்ட் தெருவில் ஒரு தந்தை

கிழக்கையும் மேற்கையும் பிரித்துப் பேச விரும்புவோர், கிப்ளிங் 1889 இல் எழுதிய கதைப்பாடலொன்றின் முதலடியைத் தவறாது மேற்கோள் காட்டுவர். அதனைத் தொடரும் அடிகள் அப்பிரிவினையையே மறுத்துரைக்கின்றன என்பதை அவர்கள் கண்டுகொள்வதில்லை. 1999 இல் வெளிவந்த 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' என்ற பிரித்தானியத் திரைப்படம் தன் பெயரை அவ்வடியிலிருந்தே பெற்றது. அதற்கும் அதே கதிதான் நேர்ந்தது. பழமைவாதத் தந்தைக்கும் புதுமை நாடும் பிள்ளைகளுக்குமிடையே நிகழும் 'பண்பாட்டு மோதல்' என்ற ஒற்றைச் சொற்றொடருக்குள் பலரும் அதனை அடக்கிவிட்டனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

சல்போர்டிலே பிறந்த அயூப் கான்-டின், தம் குடும்ப அனுபவத்தை அடியாகக்கொண்டு எழுதிய நாடகம் 1996 இல் மேடையேறியது. அவரே அதற்குத் திரைக்கதையும் அமைக்க, டேமியன் ஓ'டொனல் நெறிப்படுத்தினார். கதை நிகழும் ஆண்டு 1971. ஜோர்ஜ் கான் பாக்கிஸ்தானிலிருந்து வந்தவன். பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கும் கடைக்காரன். மனைவி எலா ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பெண். பிள்ளைகள் எழுவர். படம் தொடங்கும்போது அவர்கள் கத்தோலிக்கச் சுற்றுப்பிரகாரத்திலே சொரூபம் சுமந்து செல்கின்றனர். பள்ளிவாசலிலிருந்து தந்தை எதிர்பாராது திரும்பிவிட்டதை அறிந்ததும், சொரூபத்தோடு பின்சந்து வழியாக ஓடுகின்றனர். அரங்கம் சிரிக்கிறது. ஆயினும் அந்த ஓட்டத்திலே அச்சமும் இருக்கிறது. தந்தைக்கு அவர்கள் இட்டிருக்கும் பட்டப்பெயர் 'செங்கிஸ்' என்பதாகும்.

இந்த மனிதனை ஆக்கியது எது? 1948 ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பொதுநலவாய நாட்டவர் எவரும் பிரித்தானியாவுக்குள் தடையின்றி வரக்கூடியதாயிருந்தது. போருக்குப் பின் அந்நாட்டிற்கு உழைப்பாளர் தேவைப்பட்டனர். லங்காஷயர் நூலாலை முதலாளிகள் புதிய இயந்திரங்களை இரவு பகலாக ஓட்ட விரும்பினர். பெண்களை இரவிலே வேலைக்கமர்த்துவதைத் தொழிற்சாலைச் சட்டம் தடுத்தது. உள்ளூர் ஆண்களோ அவ்வேலையை விரும்பவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்களுட் பெருந்தொகையினர் பாக்கிஸ்தானியர். மங்களா அணைக்கட்டு 1967 இல் நிறைவுற்றபோது பழைய மீர்ப்பூர் நகரம் நீரில் மூழ்கிற்று. இலட்சத்திற்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலரும் பிரித்தானியாவுக்கே சென்றனர். ஒருகாலத்தில் இந்திய நெசவாளரின் வாழ்வைச் சிதைத்த லங்காஷயர் ஆலைகளுக்கு, அவ்வுபகண்டத்தின் பேரர்களே இரவு முறை வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்!

முன்பு இவர்கள் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவர். இடத்திற்குத் தம்பியோ மருமகனோ வருவான். 1962 ஆம் ஆண்டுச் சட்டம் வேலை அநுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்து இந்தப் போக்குவரவை முறித்தது. திரும்பிப் போனால் மீண்டும் நுழைய முடியுமோ என்ற ஐயம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. வரவைக் குறைக்க எழுந்த சட்டமே வந்தவரை நிலைக்கச் செய்தது. 1968 ஏப்பிரல் 20 ஆந் திகதி பேர்மிங்காமில் ஈனக் பவல் நஞ்சு கக்கினார். மூன்று நாட்களின் பின் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போயினர். தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றைப் போதிக்கும் நாம் இந்தப் பக்கத்தையும் புரட்டிக்காட்டவே வேண்டும். படத்திலே பவலின் ஆதரவாளன் எதிர்வீட்டிலேயே இருக்கிறான். அவனுடைய பேரனோ கான் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுகிறான்.

இப்பின்னணியில் ஜோர்ஜை நோக்குக. அவனுடைய கடைப்பலகை அதனை ஆங்கிலேயக் கடை என்றே விளம்பரஞ் செய்கிறது; விற்பது ஆங்கிலேய உணவு. தொலைவிலே 1971 ஆம் ஆண்டுப் போர் அவனுடைய நாட்டையே இரண்டாகப் பிளக்கின்றது. வெளியுலகில் எதன்மீதும் அவனுக்கு அதிகாரமில்லை. ஆகவே வீட்டுக்குள் அதிகாரத்தைத் தேடுகிறான். திருமண மேடையிலிருந்து ஓடிய மூத்த மகன் நசீரை இறந்தவனாகவே கொள்கிறான். கடைக்குட்டிக்குக் காலம் பிந்திச் சுன்னத்துச் செய்விக்கிறான். பிரட்போர்ட் ஷாவின் புதல்வியர் இருவரை மக்கள் இருவருக்கு அவர்களறியாமலே நிச்சயிக்கிறான். 'பண்பாடு' என்று அவன் பெயரிடுவது, தன்னிடம் எஞ்சியுள்ள ஒரே சொத்தைத்தான்.

ஆயினும் காரணங் காட்டுவது வேறு, மன்னிப்பது வேறு. மகன் மனீரையும் எலாவையும் அவன் அடிக்குமிடத்தில் நகைச்சுவை அறுந்துபோகிறது. ஓம் பூரியின் நடிப்பு அவ்விடத்திலே இரக்கத்தை யாசிக்கவில்லை என்பது அதன் சிறப்பு. லிண்டா பாசெற்றின் எலா கடையிலும் வீட்டிலும் உழைக்கிறாள், கணவனுக்கும் பிள்ளைகளுக்குமிடையே பொய் சொல்லிச் சமாதானம் பண்ணுகிறாள், அடியும் வாங்குகிறாள். இறுதியிலே இருவரும் தேநீரோடு சமாதானமாவது எமக்கு நிறைவு தரவில்லை. அடி வாங்கியவளின் கணக்கு அங்கே தீர்க்கப்படாமலே கிடக்கிறது. ஆலையின் இரைச்சலும் தொழிற்சங்கமும் படத்தில் இல்லாமையும் ஒரு குறையே. கடை முதலாளியை நாயகனாக்கிய கதைக்கு அது எட்டவில்லை போலும்.

இன்னொரு பெண்ணும் உண்டு. பாக்கிஸ்தானிலே விடப்பட்ட முதல் மனைவி இப்படத்தில் முகமற்றவள். எலாவை அச்சுறுத்த ஜோர்ஜ் எடுத்துவீசும் வெறும் பேச்சு. 2010 இல் வந்த தொடர்ச்சியான 'வெஸ்ட் இஸ் வெஸ்ட்' படத்திலேதான் அவளுக்கு முகம் கிடைக்கிறது. 1976 இல் இளைய மகனோடு ஊர் செல்லும் ஜோர்ஜ், முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்தவள் முன் நிற்கிறான். பின்னர் எலாவும் அங்கே வந்து சேர்கிறாள். ஒருத்தி மொழி மற்றவளுக்குத் தெரியாது. இரு பெண்களும் தத்தம் மொழியிலேயே பேசிக்கொள்கின்றனர்; ஜோர்ஜ் அந்த உரையாடலில் இல்லை.