கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளும் புதுவைக் கணிதரும்

பிரசன்னத் திருநாள் நெருங்குந்தோறும் நம் பிரசங்க பீடங்களில் ஒரு செய்தி தவறாது ஒலிக்கக் கேட்கிறோம். குழந்தை இயேசுவைப் பணிய வந்த மூவருள் ஒருவர் இந்திய அரசர் என்பதே அது. நாமும் இளம் போதகராயிருந்த நாட்களில் இவ்வாறே பிரசங்கித்ததுண்டு. சபையார் மகிழ்ந்து கேட்டதும் உண்டு. புதுச்சேரியில் கத்தோலிக்க அன்பர்கள் இந்நாளை மூன்று இராஜாக்கள் திருநாள் எனப் போற்றுவர். குடிலில் நிற்கும் முடிசூடிய மூன்று உருவங்களைக் காணும் சிறுவர், இவர்கள் எந்த நாட்டு இராஜாக்கள் என வினவுவர். அவ்வினாவிற்கு நேர்மையான விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் திருமறையை நோக்குவோம். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் அவர்களுடைய தொகையும் இல்லை, பெயரும் இல்லை, நாடும் இல்லை, அரசர் என்னும் குறிப்பும் இல்லை. காணிக்கைகள் மூன்றாதலின் வந்தவரும் மூவர் எனக் கருதப்பட்டது. உரோமாபுரியின் பழைய நிலவறைக் கல்லறை ஓவியங்களுள் ஒன்றில் இருவரும், மற்றொன்றில் நால்வரும் காணப்படுகின்றனர்; சீரியத் திருச்சபை மரபிலோ பன்னிருவர். சங்கீதம் 72, ஏசாயா 60 ஆகியவற்றின் ஒளியில் இந்நிகழ்ச்சியை வாசித்த பிற்காலத்தாரே இவர்களுக்கு முடிசூட்டினர். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்னும் பெயர்கள் ஆறாம் நூற்றாண்டளவிலேயே வழக்கில் தெளிவாகப் புலப்படுகின்றன.

மத்தேயு வழங்கும் கிரேக்கச் சொல் மாகோய் என்பது. இதன் வேர் பழம் பாரசீகச் சொல்லாகும். மாகர் என்போர் மேதியரின் ஆறு குலங்களுள் ஒருவர் என்றும், கனவுக்குப் பொருள் கூறுபவர் என்றும் எரோடோட்டஸ் எழுதியுள்ளார். மன்னன் தரியு பெகிஸ்தூன் மலையில் பொறித்த கல்வெட்டும், கி.மு. 522இல் அரசைக் கவர்ந்த ஒருவனை மாகன் என்றே குறிக்கிறது. காலப்போக்கில் இச்சொல் விண்மீன் நூல் வல்லாரையும் மந்திரவாதிகளையும் ஒருங்கே குறிப்பதாயிற்று. நம் பழைய தமிழ் வேதாகமம் மத்தேயுவில் இதனைச் சாஸ்திரிகள் என்று பெயர்த்தது. திருவிவிலியம் ஞானிகள் என்றது. ஆயின் அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தில் பர்யேசுவைக் குறித்து இதே சொல் வருமிடத்து நம் மொழிபெயர்ப்பாளர் மாயவித்தைக்காரன் என்றனர். ஒரே சொல் ஓரிடத்தில் மதிப்பும் மற்றோரிடத்தில் இகழ்ச்சியும் பெற்றது என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

இவர்கள் எங்கிருந்து வந்தனர்? இரண்டாம் நூற்றாண்டினராகிய யுஸ்தீன், அரபு நாடு என்றார். அலெக்சாந்திரியா கிளெமெந்து, பாரசீகம் என்றார். விண்மீன் ஆராய்ச்சியைக் கருதியவர் பாபிலோன் என்றனர். இந்தியா என்னும் கருத்தோ பெரும்பாலும் ஒரு பெயரொற்றுமையைச் சார்ந்தது. தோமாவின் நடபடிகள் என்னும் மூன்றாம் நூற்றாண்டு நூல் கூறும் குந்தபோரஸ் என்னும் மன்னனின் பெயரே திரிந்து கஸ்பார் ஆயிற்று என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் சிலர் கருதினர். அம்மன்னன் கற்பனையல்லன், அவனுடைய காசுகள் கிடைத்துள்ளன. ஆனால் தக்த்-இ-பாகி கல்வெட்டைப் பெரும்பாலான ஆய்வாளர் கணிக்குமாறு கி.பி. 46 அவனது ஆட்சியின் 26ஆம் ஆண்டாகும். ஏரோது மாண்டதோ கி.மு. 4இல். எனவே பெத்லகேம் நிகழ்ச்சிக்கும் அவன் அரியணை ஏறியதற்கும் இடையே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் உள்ளன.

காணிக்கைகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில், 1945இல் வீலர் நடத்திய அகழாய்வு உரோம வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. பின்னர் 1989 முதல் 1992 வரை நடந்த ஆய்வு, கிறிஸ்துவுக்கு முன்னரே அத்துறைமுகம் செழித்திருந்ததைக் காட்டியது. அந்நாளைய கிரேக்க வணிகக் கையேடாகிய பெரிப்ளூஸ், தூபவர்க்கத்தை அரபு நாட்டின் ஏற்றுமதியாகவும், சிந்து நதிமுகத்துத் துறையில் வந்திறங்கும் சரக்காகவும் குறிக்கிறது. மிளகும் முத்தும் நம் நாடு பிறர்க்கு அளித்தவை. தூபவர்க்கமோ நாம் பிறரிடம் பெற்றது. ஆகவே மத்தேயுவின் காணிக்கைப் பட்டியல் நம்மை இந்தியாவுக்கன்று, அரபு நாட்டு வணிக வழிகளுக்கே அழைத்துச் செல்கிறது.

சாஸ்திரிகள் நம் நாட்டவர் என்பதற்கு இவ்வாறு ஆதாரம் இல்லை. ஆனால் அவர்கள் கற்ற கலை நம் நாட்டிற்கு வந்ததற்கு ஆதாரம் உண்டு. அதுவும் புதுச்சேரியிலேயே உண்டு.

1768இல் லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் புதுச்சேரி வந்து, சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காணக் காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலையில் மேகம் மூடிக்கொள்ள, அவர் அதனைக் காணவில்லை. எனினும் இங்குத் தங்கிய காலத்தில் கிரகணம் கணிக்கும் தமிழர் முறையைக் கேட்டறிந்து எழுதினார். பின்னர் 1825இல் ஜான் வாரன் என்பார் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். அவர் நூலைப் புரட்டவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த வாக்கியங்களின் துணைகொண்டு, அவ்வாண்டு மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை நேர்ந்தது.

கணித வரலாற்றறிஞர் நியூகெபவர் இதனை ஆராய்ந்து, 1952இல் தமிழர் வானியலைப் பற்றி எழுதினார். சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது முறை நிகழ 248 நாட்கள் ஆகும் என்பது தமிழ் வாக்கிய முறையின் அடிப்படை. இதே கணக்கைப் பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் காண்கிறோம். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் அங்கு வகுக்கப்பட்ட முறை, கிரேக்க உரோம உலகின் வழியாக இந்தியாவை அடைந்து, 1825 வரை அறாது வந்தது என அவர் காட்டினார். பாபிலோனில் இத்தகைய ஏடுகள் கி.பி. 75 அளவிலும் எழுதப்பட்டன. ஆதலின் இயேசு பிறந்தபொழுது அக்கலை அங்கே உயிரோடிருந்தது. நம் அயலார் இல்லத்தில் இன்றும் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கம் அதன் தூரத்து உறவினர்.

போதகராகிய நாம் இதனின்று கற்பது யாது? ஜனவரியில் சாஸ்திரிகளைப் புகழ்ந்துவிட்டு, மற்றை மாதங்களில் அயலாரின் கணிதரை மாயவித்தைக்காரர் என எள்ளுகிறோம். சோதிடத்தை நாம் நம்பவேண்டுவதில்லை; மத்தேயுவும் நம்பச் சொல்லவில்லை. நட்சத்திரத்தைக் கண்டு வந்தவர் எருசலேமில் வழி கேட்டே நின்றனர். பெத்லகேம் என்னும் விடை தீர்க்கதரிசி நூலினின்றே கிடைத்தது. ஆயினும் அவர்கள் கற்ற கலையின் மொழியிலேயே ஆண்டவர் அவர்களை அழைத்தார் என்பதை மறுக்கலாகாது. அன்றியும், வேதவாக்கியத்தைப் பிழையறச் சொன்ன வேதபாரகர், ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த பெத்லகேமுக்குப் போனதாக மத்தேயு கூறவில்லை. நெடுந்தூரம் வந்தவரே அங்குச் சென்று பணிந்தனர். வேதம் கற்ற நமக்கு இது அச்சந்தரும் செய்தியன்றோ?

எனவே, மூவருள் ஒருவர் நம்மவர் என்று பெருமை பேசுவதை விடுவோம். அவர் நம்மவர் அல்லர், பிறர். பிறரைத் தேவன் தேடினார் என்பதே பிரசன்னத் திருநாளின் நற்செய்தி. எதிர்வரும் திருநாளில் பீடமேறும் இளம் போதகர், நம் தெருவில் பஞ்சாங்கம் கணிப்பவரும் அப்பிறருள் ஒருவர் என்பதை மறவாது பேசுவாராக.