சென்னையைச் சுட்ட 'எம்டன்': கப்பலின் கதை என்ன? அதன் தபால் முத்திரையை எப்படிப் படிப்பது?

"அவன் சரியான எம்டன்பா!" ராயபுரத்திலும் எண்ணூரிலும் இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கில்லாடி, யாருக்கும் அடங்காதவன் என்று அர்த்தம். 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்குக்கூட முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'தான்.

இந்தச் சொல் தமிழுக்கு வந்தது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வழியாக. அந்தக் கப்பலிலிருந்து போன கடிதங்களை உலகம் முழுக்கத் தபால் தலை சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். ஆனால் 'எம்டன் கடிதம்' என்று சொல்லப்படுவதெல்லாம் சென்னையைச் சுட்ட எம்டனுடையது அல்ல. ஏமாறாமல் இருக்க, கப்பலின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

டெஸ்ட்ராயரா, க்ரூஸரா?

பலர் எம்டனை 'டெஸ்ட்ராயர்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. டெஸ்ட்ராயர் அளவில் சிறியது. எம்டன் ஒரு இலகு ரக க்ரூஸர், 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து கொண்டது. இன்று போலந்தில் கிடான்ஸ்க் எனப்படும் டான்சிக் நகரில் கட்டப்பட்டு, 1908-ல் கடலில் இறக்கப்பட்டு, 1909-ல் கடற்படையில் சேர்ந்தது.

1910 ஏப்ரலில் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியது. திரும்பிப் போகவே இல்லை. சீனக் கடற்கரையில் ஜெர்மனி வசம் இருந்த சிங்டாவ் துறைமுகம்தான் அதன் தளம். வெள்ளை நிறத்தில் மினுமினுத்ததால் 'கிழக்கின் அன்னம்' என்றார்கள்.

அந்த இரவு

முதல் உலகப் போர் தொடங்கப்போகிறது என்று தெரிந்ததும், 1914 ஜூலை 31 அன்று சிங்டாவிலிருந்து எம்டன் வெளியேறியது. கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர். மூன்று புகைபோக்கி கொண்ட கப்பலுக்குப் போலியாக நான்காவது ஒன்றைப் பொருத்தி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டார். செப்டம்பரில் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். கபிங்கா என்ற கப்பலில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்ததால், அதை மூழ்கடிக்காமல், பிடித்து வைத்திருந்த மாலுமிகளையும் அதிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்.

ஆக, இப்படியொரு கப்பல் சுற்றுகிறது என்பது செப்டம்பர் பாதியிலேயே கல்கத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் செப்டம்பர் 22 இரவு மதராஸ் விளக்கு அணைக்காமல் இருந்தது! அப்போது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மேலேதான் கலங்கரை விளக்கம். அதன் வெளிச்சமே எம்டனுக்கு வழி காட்டியது.

இரவு ஒன்பதரை மணிவாக்கில், சுமார் 3 கி.மீ. தூரத்தில் நின்று, தேடுவிளக்கைப் பாய்ச்சிச் சுட ஆரம்பித்தது. குறி, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள். அரை மணி நேரத்துக்குள் சுமார் 125 குண்டுகள். டாங்குகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற கப்பலும் அடி வாங்கியது. ஐந்து பேர் உயிரிழந்ததாகப் பதிவு. கரையிலிருந்த பீரங்கிகளும் பதிலுக்குச் சுட்டன. எம்டனுக்கு ஒரு கீறலும் இல்லை.

சேதத்தைவிடப் பயம்தான் பெரிது. மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். வங்காள விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து முடங்கியது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலில்தான் தபால் போன காலம் அது. கப்பல் நின்றால் கடிதமும் நிற்கும். பிழைக்கப் போன மகனிடமிருந்து சேதி வராத வீடுகளின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. உயர் நீதிமன்ற மதில் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு மட்டும் இருக்கிறது.

கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தச் செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் இருந்து, இந்திய விடுதலைக்கான குழுவை நடத்திக்கொண்டிருந்தார்.

முத்திரையில் கப்பல் பெயரே இருக்காதா?

இருக்காது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வெளிநாட்டுக் கடலில் இருந்த ஜெர்மன் போர்க்கப்பல்களுக்குள்ளேயே 1895 முதல் தபால் நிலையம் இயங்கியது. அதன் வட்ட முத்திரையில் 'கைஸ். டாய்ச்சே மரீனே-ஷிஃப்ஸ்போஸ்ட்' என்று இருக்கும். அதாவது 'ஜெர்மன் பேரரசக் கடற்படைக் கப்பல் தபால்'. கீழே ஒரு எண், ஒரு தேதி. அவ்வளவுதான். ஒரே எண் ஒரு கப்பலிடமிருந்து இன்னொன்றுக்கும் மாறும். அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்தத் தேதியில் அந்த எண் யாரிடம் இருந்தது என்று பார்க்க வேண்டும். கப்பலின் பெயர் வேண்டுமென்றால் அனுப்புநர் முகவரியிலோ, தனியாகக் குத்திய ரப்பர் ஸ்டாம்பிலோதான் தேட வேண்டும். ரப்பர் ஸ்டாம்பைப் போலியாகச் செய்வது சுலபம், ஜாக்கிரதை.

சிங்டாவ் ஊர்த் தபால் நிலையத்தில் போட்ட கடிதம் என்றால் கியாவ்சௌ தபால் தலை ஒட்டியிருக்கும். ஜெர்மன் பேரரசரின் 'ஹோஹென்சொல்லர்ன்' படகு அச்சிட்டது, 1905-க்குப் பிறகு விலை சென்ட்டில். 1911 ஜனவரி தேதியோடு பசிபிக் தீவான போனபேயிலிருந்து போன கடிதம் என்றாலும் பொருந்தும். அங்கே நடந்த கிளர்ச்சியை ஒடுக்க எம்டன் போயிருந்தது.

1914 ஆகஸ்ட்டுக்குப் பிந்தைய தேதி இருந்தால்? முதல் கேள்வி, 'இது எந்தத் துறைமுகம் வழியாக வெளியே வந்தது?' என்பதாக இருக்கட்டும். ஒளிந்து திரிந்த கப்பல், எந்த ஊர்த் தபால்காரரிடம் பையைக் கொடுத்திருக்கும்? பதில் இல்லையென்றால் காசை எடுக்காதீர்கள்.

பிறகு வந்த எம்டன்கள்

அக்டோபர் 28 அன்று பினாங்கில் ரஷ்யாவின் ஜெம்சுக் க்ரூஸரையும், பிரான்ஸின் மூஸ்கே என்ற டெஸ்ட்ராயரையும் எம்டன் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் சிக்கியது. 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள் பலி. பிழைத்தவர்களில் முல்லர் உட்படப் பலர் மால்டாவுக்குப் போர்க்கைதிகளாகப் போனார்கள். தணிக்கை முத்திரையோடு அங்கிருந்து அவர்கள் எழுதிய கடிதங்களும் எம்டன் கதையின் பகுதிதான்.

1916-ல் அதே பெயரில் இரண்டாவது கப்பல் வந்தது. மன்னராட்சி முடியவில்லை என்பதால் 'கைஸ்.' என்ற சொல் அதன் காலத்திலும் உண்டு. 1925-ல் மூன்றாவது எம்டன். பயிற்சிக் கப்பலாக உலகத்தைச் சுற்றியதால் அதன் கடிதங்கள் சேகரிப்பாளர்களிடம் சகஜம். முத்திரையில் 'கைஸ்.' இல்லாமல் வெறும் 'டாய்ச்சே' மட்டும் இருந்தால், அது மதராஸைச் சுட்ட கப்பல் அல்ல. 'எம்டன் கவர்' என்று யாராவது நீட்டினால், விலை பேசும் முன் அந்த ஒரு சொல்லையும் தேதியையும் பாருங்கள்.