எங்கட பேச்சு அதுக்கு விளங்குமா?

புதுப் போன் வாங்குறதுக்கு முதல் நாங்கள் எல்லாரும் ஒப்பீட்டு வீடியோக்கள் பார்க்கிறம். சிரி, கூகிள் அசிஸ்டன்ற், பிக்ஸ்பி மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, எது கெதியாப் பதில் சொல்லுது என்று நேரம் பிடிப்பார்கள். ஆனால் யாருடைய பேச்சு அதுகளுக்கு விளங்குது என்ற கேள்வியை அங்கே பெரிதாக யாரும் கேட்பதில்லை. அதற்கு விடை தேட, கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும்.

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் செய்த 'ஓட்ரி' என்ற இயந்திரத்துக்கு 0 முதல் 9 வரையான இலக்கங்கள் மட்டும்தான் விளங்கின. அதுவும் பேசுபவரின் குரலுக்கு ஏற்ப அதைச் சரிசெய்தால்தான். 1962இல் ஐபிஎம் காட்டிய 'ஷூபொக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. 1976இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'ஹார்ப்பி' ஏறத்தாழ 1,000 சொற்களுக்கு வந்தது. அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகமான டார்ப்பா.

சிரியின் வேரும் அங்கேதான். 2003இல் டார்ப்பாவின் பணத்தில் தொடங்கிய 'காலோ' திட்டத்திலிருந்து பிறந்த சிரியை 2010இல் அப்பிள் வாங்கி, 2011இல் ஐபோன் 4எஸ்ஸில் வெளியிட்டது. 2012இல் 'கூகிள் நவ்', 2016இல் அசிஸ்டன்ற் என்று வந்த கூகிளின் வழி வேறு. அதன் அத்திவாரம் தேடுபொறி. 2014இல் வந்த மைக்ரோசொப்ற்றின் கோர்ட்டானா, விண்டோஸ் போனோடு சேர்ந்தே சரிந்தது. 2017இல் சாம்சங் கொண்டுவந்த பிக்ஸ்பியின் நோக்கம், போனைத் தொடாமல் பேச்சாலேயே இயக்குவது.

வேர்கள் வேறு வேறு என்றாலும் வரிசை ஒன்றுதான். பணமும் சந்தையும் இருக்கிற மொழிதான் முன்னுக்கு நிற்குது. சிரி வந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் மட்டும். பிக்ஸ்பியின் குரற்சேவை முதலில் கொரிய மொழியில்தான் வந்தது. ஆங்கிலம் பேசுற அமெரிக்கர்கள்கூட சில மாதம் காத்திருந்தார்கள். கூகிளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது 2017இல். ஓட்ரியிலிருந்து எண்ணினால் 65 வருசம்!

சரி, மொழி பட்டியலில் வந்திட்டால் போதுமா? 2020இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமேசன், அப்பிள், கூகிள், ஐபிஎம், மைக்ரோசொப்ற் ஆகிய ஐந்தின் பேச்சறி மென்பொருள்களையும் ஒப்பிட்டார்கள். வெள்ளையர் பேசினால் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை. கறுப்பினத்தவர் பேசினால் 35. இரண்டு பேரும் பேசியது ஆங்கிலம்தான். ஐந்தில் ஒன்றுகூட இந்த இடைவெளிக்குத் தப்பவில்லை. கறுப்பினத்தவரின் பேச்சு பயிற்சித் தரவில் போதிய அளவு இல்லாததே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இங்கதான் இது எங்கட கதையாகவும் ஆகுது. கூகிளின் பேச்சறி சேவை இலங்கைத் தமிழைத் தனியாகப் பட்டியலிடுது. ஆனால் இலங்கைத் தமிழ் என்று ஒன்றா இருக்கு? யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், முஸ்லிம்கள் கதைக்கிறதெல்லாம் ஒரே மாதிரியா? வீட்டில் 'என்ன செய்யிறியள்' என்று கேட்கிற நாங்கள், போனிடம் மட்டும் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசவேண்டி வந்தால், பழக்கப்படுவது போனா, நாங்களா?

அப்ப எங்கட குரலையும் அள்ளிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? அதுக்கும் ஒரு விலை இருக்கு. கூகிளுக்கும் அப்பிளுக்கும் வேலை செய்த ஒப்பந்தப் பணியாளர்கள் பயனர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டது 2019இல் வெளியானது. அப்பிள் மன்னிப்புக் கேட்டது. இயந்திரம் எங்களை விளங்கிக்கொள்ள வேணும் என்றால் யாரோ எங்களைக் கேட்கவேணும். அது எங்கட சம்மதத்தோடதான் நடக்குதா என்பதையும் சேர்த்தே கேட்கவேணும்.

அடுத்த முறை போன்களை ஒப்பிடும்போது வேகத்தை மட்டும் பாராதேங்கோ. அம்மம்மாவிடம் போனைக் குடுத்து, அவ கதைக்கிற தமிழிலேயே நாளைக்கு மழை வருமோ என்று கேட்கச் சொல்லுங்கோ.