சரிபார்ப்புப் பட்டியல் (மகப்பேறு)

சிக்கலான வேலையில் தெரிந்த ஒன்றை மறந்துவிடுவதால் நேரும் பிழையைத் தடுக்கும் எழுத்துக் கருவி. 1935இல் அமெரிக்காவில் போயிங் குண்டுவீச்சு விமானத்தின் முன்மாதிரி, கட்டுப்பாட்டுப் பூட்டைத் திறக்காமலே மேலெழும்பி விழுந்த பின் விமானிகளிடையே வழக்கமானது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 அம்ச அறுவைச் சிகிச்சைப் பட்டியலை வெளியிட்டது.

மகப்பேற்றில் இத்தகைய பட்டியலுக்கு இலங்கையில் நல்ல எடுத்துக்காட்டு, கொழும்பு டி சொய்சா மகளிர் வைத்தியசாலை. 29 அம்சங்கள் கொண்ட பாதுகாப்பான பிரசவப் பட்டியல் இங்கு சோதித்துப் பார்க்கப்பட்டு, முடிவுகள் 2015இல் வெளியாயின. அனுமதிக்கும்போது, தாய் முக்கத் தொடங்குமுன் அல்லது சிசேரியனுக்கு முன், பிறந்து ஒரு மணி நேரத்துக்குள், வீடு திரும்புமுன் என நான்கு இடங்களில் தாதியரும் மருத்துவமாதரும் நின்று பார்க்க வேண்டும். கையுறை, குருதி அமுக்கம், குழந்தைக்கு மூச்சூட்டும் பையும் முகமூடியும் என எல்லாம் அவர்கள் அறிந்தவையே. ஆயினும் ஏறத்தாழ பாதிப் பிரசவங்களில்தான் தாள் பயன்பட்டது. நெரிசலான பிரசவ அறையில் இன்னொரு படிவம் சுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இதே பட்டியலை வைத்து இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் 2014 முதல் 2016 வரை நடந்த பெரிய ஆய்வின் முடிவு இன்னும் கறாரானது. பயிற்றுநர்கள் உடனிருந்து ஊக்குவித்தபோது நடைமுறைகள் மேம்பட்டன. ஆனால் தாய் சேய் இறப்பு குறையவில்லை. மருந்தும் ஆளணியும் மேல்சிகிச்சையும் இல்லாத குறையைத் தாள் ஈடுசெய்யாது. வேலை முடிந்தபின் மொத்தமாகக் குறியிடப்படும் பட்டியல் வெறும் பதிவேடு.