‘ஆபரேஷன்’ ஆன உடம்பு: உயிருள்ளோர் சிறுநீரகக் கொடையும் தமிழகப் பொதுப்பார்வையும்

உறுப்புக் கொடையைத் தமிழகம் போற்றுகிறது. 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளைக் கொடுத்த செய்தி மாநிலத்தையே உலுக்கியது. இறந்தபின் உறுப்பளிப்போரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுத்தவருக்கு இந்தப் புகழ் இல்லை. அந்நியருக்குக் கொடுத்தால் ‘எவ்வளவுக்கு வித்தாங்க?’ என்பார்கள். கணவனுக்கோ மகனுக்கோ கொடுத்தால் ‘அவ கொடுக்காம வேற யாரு கொடுப்பா?’ என்பார்கள். முன்னது விற்பனை, பின்னது கடமை. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்குத்தான்: யார் உடம்பில் கத்தி வைத்தால் வீட்டுக்கு நட்டம் குறைவு? இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சந்தை. சிறுநீரகம் விற்றோர் மிகுந்ததால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. சிறுநீரகம் விற்ற சென்னைப் பெண்களோடு 1990களில் பேசிய மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன், அவர்கள் முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களாக இருந்ததைக் கவனித்தார். நம் பேச்சில் ஒரு பெண் ‘ஆபரேஷன் பண்ணியாச்சு’ என்றால் எந்த ஆபரேஷன் என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை கத்தி பட்ட உடம்பு அடுத்த முறைக்கும் தயாரான உடம்பாகிவிடுகிறது. கூலிக்குப் போகும் ஆணின் உடம்போ காக்கப்பட வேண்டியதாகிறது.

விற்பனையைச் சட்டப்படி முறைப்படுத்தினால் ஏழைக்கும் பயன் என்பார் உண்டு. 1988 முதல் ஈரான் அவ்வழியில் நடப்பதைச் சுட்டுவர். சென்னையின் அனுபவம் அதற்கு ஆதரவாக இல்லை. சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்து மாதவ் கோயல் குழுவினர் 2002இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, 96 விழுக்காட்டினர் விற்றது கடனடைக்க. ஆண்டுகள் கழித்தும் அவர்களில் நான்கில் மூவர் கடனில்தான் இருந்தனர். 86 விழுக்காட்டினர் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது.

அடுத்து வீடு. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடைசெய்தது. நெருங்கிய உறவினரல்லாதார் அன்பினால்தான் கொடுக்கிறார் என்பதை அனுமதிக் குழுவின் முன் நிறுவ வேண்டும். உறவினர் அன்பினால்தான் கொடுக்கிறாரா என்று ஊர் கேட்பதே இல்லை. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் மாற்றுறுப்புப் பெற்ற 36,640 பேரில் 29,695 பேர் ஆண்கள் என்கிறது தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் தரவு. உயிருள்ள கொடையாளர்களிலோ பெண்களே மிகுதி. ஆண்களுக்கு நோய் அதிகம் என்ற விளக்கம் பெறுவோர் எண்ணிக்கைக்கு ஓரளவு பொருந்தலாம். தம்பியும் அண்ணனும் தந்தையும் இருக்கையில் தாயும் மனைவியும் ஏன் முன்னால் வருகிறார்கள் என்பதற்கு அது விடையாகாது. மணமாகாத மகளைக்கூட, ‘ஒத்தக் கிட்னி’ என்றால் வரன் அமையாது என்று விலக்கிவிடுகிறோம். மிஞ்சுபவள் தாய் அல்லது மனைவி.

தாயன்பை ஐயுறுவதா என்று கேட்கலாம். அன்பு பொய்யல்ல. ஆனால் ‘மாட்டேன்’ என்று சொல்ல இடமிருந்தால்தான் ‘சரி’ என்பது சம்மதமாகும். உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் இதை உணர்ந்திருக்கின்றன: கொடையாளர் பெண்ணாயின் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுயேச்சையான சம்மதத்தை நோயாளியல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும். சட்டத்துக்கு எழுந்த ஐயம் ஊருக்கு எழவில்லை.

ஆகவே விழிப்புணர்வுப் பரப்புரை ‘கொடுங்கள்’ என்பதோடு நின்றுவிடக் கூடாது. கொடையாளரைக் குடும்பத்தாரின்றித் தனியே அமர்த்திப் பேச வேண்டும். விருப்பமில்லாதவரை ‘மருத்துவக் காரணங்களால் பொருந்தவில்லை’ என்று சொல்லிக் காக்கும் பழக்கம் எல்லா மருத்துவமனைகளிலும் வேர்கொள்ள வேண்டும். கொடுத்தவருக்கு ஓய்வுக்காலக் கூலியும், ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றின் இலவசப் பரிசோதனையும் உரிமையாக வேண்டும். இறந்தவருக்கு அரசு மரியாதை தருகிறோம்; உயிரோடு கொடுத்தவளுக்கு ஆண்டுக்கொரு பரிசோதனையாவது தருவோம்.